மேடேறாத கழிவு: பெரியவர்கள் வீட்டுக் கழிப்பறைக்குப் பம்ப் வைக்கும் முன்

கொங்குப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கழிப்பறை பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். முழங்கால் பிடித்துக்கொண்ட வயதில் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போவது ஆபத்து. திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைகள் படுக்கையறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். சுவர் எழும்பி, டைல்ஸும் வாங்கிய பிறகு பிளம்பர் வந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஸ்லோப் கெடைக்காதுங்க. பம்ப்பு வெச்சரலாங்க."

செப்டிக் டேங்க் வீட்டுக்கு முன்பக்கம், மேட்டில் இருக்கும். கோவை மாதிரி ஊர் என்றால் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் பாதாளச் சாக்கடையின் சேம்பர் வீட்டுத் தரைக்குச் சமமாக வந்திருக்கும். கழிவு தானாகப் போகாது. ஆனால் "பம்ப்பு வைப்பது" என்பது ஒரே வேலை அல்ல. பம்ப் இல்லாமலே சரிவை உண்டாக்கப் பார்க்கலாம். கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னாலேயே கழிவை அரைத்துத் தள்ளும் பெட்டி வைக்கலாம். அறைக்குப் பக்கத்தில் சின்ன செப்டிக் டேங்க் கட்டி, அதில் தெளிந்து வரும் நீரை மட்டும் பம்ப் செய்யலாம். அல்லது வெளியே குழி தோண்டி, சிமென்ட் வளைய உறை இறக்கி அதற்குள் கழிவுநீர் பம்ப் போடலாம்.

இவற்றை விலை வைத்து ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். எழுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது போதாது. பம்ப் என்றிருந்தால் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு யார் திறப்பார்கள், எங்கே நின்று திறப்பார்கள், ஆள் வரும்வரை அவர்கள் இருவரும் கழிப்பறைக்குப் போக முடியுமா? கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் மட்டம் பாருங்கள்

"ஸ்லோப் கெடைக்காது" என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே வரும் குழாயின் அடிமட்டத்தைக் குறித்து, அந்த மட்டத்தைப் புதுக் கழிப்பறைச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். கழிப்பறைத் தரையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறதோ, அதுதான் கையில் இருக்கும் இறக்கம்.

110 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 சரிவு நல்லது. 80-க்கு 1 வரை சமாளிக்கலாம், அதற்குமேல் தட்டையாக்கினால் கெட்டிக் கழிவு அங்கங்கே நிற்கும். குழாய் ஓட்டம் 22 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60-க்கு 1 என்றால் 37 செ.மீ. இறக்கம் வேண்டும். கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது எஸ் ட்ராப் கோப்பை, அதாவது தரைக்குள் இறங்குவது. அதன் வளைவும் பெண்டும் சேர்ந்து, குழாய் தொடங்கும்போதே தரைக்கு 25 செ.மீ. கீழே போய்விடும். மொத்தம் 62 செ.மீ. தேவை. கையில் இருப்பது 25 செ.மீ. என்றால் பிளம்பர் சொன்னது சரிதான்.

இதே இடத்தில் பி ட்ராப் கோப்பையை வையுங்கள். அதன் வாய் தரைக்கு மேலே, மையம் சுமார் 18 செ.மீ. உயரத்தில், சுவரைப் பார்த்து இருக்கும். குழாயின் அடிமட்டம் தரைக்கு 13 செ.மீ. மேலேயே தொடங்குகிறது. 22 மீட்டர் ஓடி 37 செ.மீ. இறங்கினாலும் தரைக்கு 24 செ.மீ. கீழேதான் வந்து சேரும். கையில் 25 இருக்கிறது. பம்ப் தேவையே இல்லை. கோப்பையை மாற்றியதில் மட்டும் 38 செ.மீ. கிடைத்தது. முதல் சில மீட்டர் குழாய் சுவரோரமாக வெளியே தெரியும், அவ்வளவுதான். மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டு, வெயிலில் பி.வி.சி. பொரிந்துபோகாமல் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து குத்திவிட வசதியாக டோர் பெண்டு வைத்துவிட்டால் போதும்.

பிளம்பர் பலருக்கு இது தெரியும். ஆனால் எஸ் ட்ராப் கோப்பை ஏற்கெனவே வாங்கி வந்து வாசலில் இருக்கும். ஆகவே கோப்பை வாங்கும் முன் மட்டம் பாருங்கள்.

இன்னும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான் குறைகிறது என்றால் தரையை உயர்த்தலாம் என்று தோன்றும். இதில் கவனம் வேண்டும். கழிப்பறை வாசலில் 15 செ.மீ. படி என்பது வாக்கர் பிடித்து நடக்கிறவருக்குச் சுவர். அதைச் சாய்தளமாக்க 12-க்கு 1 கணக்கில் 1.8 மீட்டர் நீளம் வேண்டும், படுக்கையறையில் அவ்வளவு இடம் இருக்காது. தரையை உயர்த்திப் பம்ப்பைத் தவிர்ப்பதைவிடத் தரையைச் சமமாக விட்டுப் பம்ப் வைப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. கருகிய மோட்டாருக்குக் காயில் மாற்றிச் சுற்றும் ரீவைண்டிங் உண்டு, இடுப்பு எலும்பு முறிவுக்குக் கிடையாது.

கோப்பைக்குப் பின்னால் அரைக்கும் பெட்டி

மெசரேட்டர் என்று விற்கிறார்கள். கோப்பையின் பின்வாய் நேராக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். உள்ளே நீர் ஏறும்போது ஒரு சின்னக் குழலில் காற்று அழுந்தி, ரப்பர் சவ்வை உப்பவைத்து, சுவிட்சைத் தட்டும். மோட்டார் ஓடி, பிளேடு கழிவை அரைத்து, 32 மி.மீ. அளவுக் குழாயில் தள்ளும். நான்கைந்து மீட்டர் மேலே ஏற்றும். தரையைக் கொத்த வேண்டியதில்லை, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மாடியில் இருப்பவர்களுக்கும், வாடகை வீட்டுக்கும், இரண்டடி தோண்டினால் பாறை என்கிற இடத்துக்கும் இது வரம்.

இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கும் கிராமத்து வீட்டுக்கு நாங்கள் இதைக் கடைசியில் வைக்கக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் பிரச்சினை குறைவு. பல்லடம், காங்கேயம், அவினாசிப் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்புச் சப்பைத் தண்ணியின் சுண்ணாம்பும் சிறுநீரின் உப்பும் சேர்ந்து கல்லாகப் படியும். பெட்டியில் அது முதலில் அடைப்பது அந்தச் சின்னக் குழலையும் சவ்வையும்தான். அப்புறம் மோட்டார் ஒன்று ஓடவே ஓடாது, அல்லது நிற்கவே நிற்காது. மாதம் ஒருமுறை 200 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கோப்பையில் ஊற்றி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டுத் தள்ள வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ரப்பரும் சீலும் போய்விடும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, ஆள். கோவை பீளமேடும் கணபதியும் பம்ப் செய்கிற ஊர்கள். தாராபுரமோ கோபியோ, எந்த ஊரிலும் சப்மெர்சிபிள் பம்ப்பைப் பிரித்து மாட்டும் ரீவைண்டிங் கடை உண்டு. மெசரேட்டரின் சவ்வு அவர்களிடம் இருக்காது, கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். வந்து சேரும்வரை அந்தக் கழிப்பறை பூட்டுதான்.

மூன்றாவது, நின்றுபோனால் கழிவு நிற்பது அறைக்குள்ளேயே, படுக்கைக்குப் பக்கத்தில். பெட்டியின் கொள்ளளவு மிகக் குறைவு. மின்சாரம் இல்லாமல் ஒரு தடவைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் கோப்பையிலேயே ஏறும்.

இருந்தும் இதைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால், கழற்றுவதற்கு வசதியாக வையுங்கள். பெட்டியை டைல்ஸ் சுவருக்குள் மறைக்காதீர்கள். மறைத்தே ஆக வேண்டுமென்றால் முன்பக்கப் பலகை முழுவதும் நான்கு ஸ்க்ரூவில் கழன்று வர வேண்டும், பெட்டிக்குப் பக்கவாட்டில் ஓரடி இடம் வேண்டும். மேலே ஏறும் குழாயில் பெட்டியை ஒட்டி ஒரு யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு), அதற்கு மேல் ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடுவது). இந்த இரண்டுக்கும் நடுவே அரை அங்குல வடிகால் குழாய் ஒன்றும் போட்டுவையுங்கள். 32 மி.மீ. குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 லிட்டர் நிற்கும். 15 மீட்டர் குழாய் என்றால் 9 லிட்டர் கழிவுநீர். வால்வு இல்லாமல் பெட்டியைக் கழற்றினால் அதில் ஏறுகுழாயில் நிற்பதெல்லாம் கழற்றுகிறவர் மேல்தான். குழாயை முதலில் நேராக மேலே ஏற்றிவிட்டு, பிறகு 100-க்கு 1 சரிவில் இறக்கிக்கொண்டு போங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. சவ்வு, கெபாசிட்டர், தள்ளிய நீரைத் திரும்ப விடாத ரிட்டர்ன் வால்வின் ரப்பர் மூன்றையும் பெட்டி வாங்கும் அன்றே ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

அறைக்குப் பக்கத்தில் சின்ன செப்டிக் டேங்க், தெளிந்த நீருக்கு மட்டும் பம்ப்

பொடக்காளியில் இடம் இருக்கிற வீட்டுக்கு இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. பலருக்குத் தோன்றுவதே இல்லை. பழைய டேங்க் முன்பக்கம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

கழிவைப் பம்ப் செய்வதுதான் தொல்லை, கழிவு படிந்த பிறகு வரும் தண்ணீரைப் பம்ப் செய்வதில் தொல்லை குறைவு. ஐந்து பேருக்கான செப்டிக் டேங்க்குக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். இருவருக்கு அதுவே தாராளம். கழிப்பறையிலிருந்து நாலு மீட்டர் தள்ளி இதைக் கட்டினால் சரிவு 7 செ.மீ. போதும். கெட்டியெல்லாம் தானாக இறங்கிவிடும், பம்ப் அதைப் பார்ப்பதேயில்லை. வெளிவாயில் 'T' வடிவக் குழாய் இணைப்பு வைத்து மேல் நுரை தாண்டாமல் தடுத்து, அடுத்து இரண்டடி உறையில் ஒரு பம்ப் குழி. அங்கிருந்து 40 மி.மீ. குழாயில் தண்ணீர் பழைய டேங்கின் உறிஞ்சு குழிக்கு (நீர் மண்ணுக்குள் இறங்கும் குழி) போகும். அரை எச்.பி. சாதாரண அழுக்குநீர் பம்ப் போதும். அது கெட்டால் உள்ளூர்க் கடையில் அன்றே வேறொன்று வாங்கி மாட்டலாம்.

இதன் அருமை பம்ப் நின்ற நாளில்தான் தெரியும். நீர்மட்டத்துக்கு மேல் டேங்கில் 30 செ.மீ. காலி இடம் விட்டுக் கட்டினால் அதில் 330 லிட்டர் நிற்கும். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போகிறார்கள், 3, 6 லிட்டர் இரட்டைப் பொத்தான் டேங்க், கழுவ இரண்டு சொம்பு என்று கணக்குப் போட்டால் நாளுக்கு 90 லிட்டர். அதாவது மூன்று நாளைக்கு மேல் தாங்கும். கோப்பையில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக இறங்கும், பொங்காது. மகன் சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பாதகங்களும் உண்டு. பழைய உறிஞ்சு குழி அடைத்திருந்தால் இந்தத் தண்ணீரும் நிற்கும். கட்டுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். உறிஞ்சு குழி கிணற்றுக்கும் போருக்கும் 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படிவை உறிஞ்ச லாரி வர வேண்டும், பொடக்காளிக்கு அதன் குழாய் எட்டுமா என்று லாரிக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மாநகராட்சிப் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே அடுத்த வழிதான்.

உறைக் குழியும் கழிவுநீர் பம்ப்பும்

இடம் குறுகல், சாக்கடை மேட்டில், கழிவை அப்படியே ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இது. சரியாகப் பிளம்பிங் செய்தால் மெசரேட்டரைவிட நீண்ட நாள் உழைக்கும். தவறாகச் செய்தால் நான்கிலும் மோசமானது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

மனிதக் கழிவுக் குழிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்யவைப்பதை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாலடிக் குழியில் குனிந்து தலையை விட்டாலே விஷவாயு ஆளை விழத்தட்டும். எனவே குழியின் வடிவமைப்பில் மாறாத விதி ஒன்றுதான்: உள்ளே இருக்கும் எதையும் வெளியே நின்றபடி எடுக்க முடிய வேண்டும். அடைத்துப்போனதைச் சுத்தம் செய்ய இயந்திர வண்டியை அழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. தெரிந்த ஆளை வைத்து இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், கூடாது.

உறை மூன்றடி விட்டம் வேண்டாம், இரண்டடி போதும். பெரிய குழியில் இருவர் கழிவு நாள் கணக்கில் தேங்கி நாறும், ஓரத்தில் கெட்டி படியும். இரண்டடி உறையில் ஒவ்வொரு 10 செ.மீ. உயரமும் 29 லிட்டர். தளத்திலிருந்து 20 செ.மீ.-ல் பம்ப் நிற்கட்டும், 40 செ.மீ.-ல் ஓடத் தொடங்கட்டும், 50-ல் மணி அடிக்கட்டும், வரும் குழாயின் அடிமட்டம் 70-ல் இருக்கட்டும். ஒரு ஓட்டத்துக்கு 58 லிட்டர் போகும். மின்சாரம் போனாலும் 40-லிருந்து 70 வரை 87 லிட்டர், ஒரு நாள் பாடு, மிச்சமிருக்கும். அடித்தளத்தை ஓரங்களில் சாய்வாகப் பூசிப் பம்ப்பைப் பார்த்து இறக்குங்கள்.

இந்தக் கணக்கு கழிப்பறைத் தண்ணீருக்கு மட்டும். குளிக்கிற தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் இதில் விட்டால் ஒரு மணி நேர மின்தடைக்கே குழி நிறையும். அவற்றைத் தனியாகத் தென்னைக்கோ வாழைக்கோ விடுங்கள், இந்தப் பக்கம் அது வழக்கம்தானே. அடுப்படித் தண்ணீர் கூடவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு, நீர்மட்டத்தோடு எழுந்து பம்ப்பை ஓடவிடும் மிதவையில் ஒட்டிக்கொண்டு அதை மேலெழ விடாது.

பம்ப் தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடியில் சல்லடை வைத்த பம்ப்பைக் கடையில் "டிரைனேஜ் பம்ப்" என்று கொடுப்பார்கள். அது மழைநீருக்கானது, மலமும் காகிதமும் சல்லடையை ஒரு வாரத்தில் மூடிவிடும். 35 மி.மீ.-க்குக் குறையாத கெட்டிப் பொருளை விழுங்கும் கழிவுநீர் பம்ப் என்று கேட்டு வாங்குங்கள். துணி, பஞ்சு, பெரியவர்களுக்கான டயப்பர் துண்டு போன்றவை விழும் சாத்தியம் இருந்தால் கட்டர் வைத்த பம்ப். ஆனால் கட்டரும் தேங்காய் நாரையும் தலைமுடியையும் வெட்டாது, சுற்றிக்கொள்ளும். கழிப்பறைக்குள் மூடி போட்ட குப்பைக் கூடை ஒன்று வைப்பது பம்ப்பின் ஆயுளைக் கூட்டும்.

திறன் அரை எச்.பி. போதும். உயரம் இரண்டரை மீட்டர், 20 மீட்டர் குழாயின் உராய்வு பெண்டுகளோடு சேர்ந்து அரை மீட்டர், ஆக மூன்று மீட்டர்தான். தோட்டத்து மோட்டார் பழக்கத்தில் "ஒண்ணரை எச்.பி. போட்டுக்கலாங்க" என்பார்கள். பெரிய பம்ப் சில விநாடியில் குழியைக் காலி செய்து நின்றுவிடும், அது இந்தச் சின்னக் குழிக்குத் தேவையில்லை.  மேலேற்றும் குழாய் 63 மி.மீ. பி.வி.சி. வேகம் விநாடிக்கு 0.75 மீட்டருக்குக் குறையாதிருக்க நிமிடத்துக்கு 120 லிட்டர் ஓட வேண்டும், இந்தப் பம்ப் அதைக் கொடுக்கும். "பெருசா இருந்தா அடைக்காது" என்று 110 மி.மீ. போட்டால் வேகம் செத்து, கெட்டி அடியில் படிந்து அடைக்கும்.

இனி பராமரிப்பை எளிதாக்கும் சாமான்கள், வரிசை முக்கியம். பம்ப்பின் வாயிலிருந்து நேர்க்குழாய் மேலே வந்து, மூடிக்கு ஒரு சாண் கீழே யூனியன். அங்கிருந்து குழிக்கு வெளியே வந்து, தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில், சுவரோரமாக ரிட்டர்ன் வால்வு. அதற்கு அப்பால் பால் வால்வு. வால்வுகளைக் குழிக்குள் வைப்பது வழக்கமாகிவிட்டது, அதுதான் தொல்லையின் வேர். 63 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 2.6 லிட்டர், 15 மீட்டருக்கு 39 லிட்டர் நிற்கிறது. பால் வால்வை மூடினால்தான் அது திரும்பாமல் ரிட்டர்ன் வால்வைக் கழற்றிக் கழுவ முடியும். ரிட்டர்ன் வால்வு பந்து வகையாக இருக்கட்டும். கிணற்று மோட்டாருக்குப் போடும் பித்தளை ஸ்ப்ரிங் வால்வில் ஒரு முடி சிக்கினாலும் வாய் மூடாது.

யூனியனுக்குக் கீழே, குழிக்குள், குழாயில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். காற்று அடைத்துப் பம்ப் சும்மா சுற்றுவதைத் தடுக்கும். துளை கீழ்நோக்கி இருந்தால் பீச்சியடிப்பது குழிக்குள்ளேயே விழும்.

பம்ப்பைத் தூக்க ஸ்டெயின்லெஸ் சங்கிலி அல்லது 10 மி.மீ. நைலான் கயிறு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலி குழி வாயுவில் அரித்துவிடும். மின் வயரைப் பிடித்துத் தூக்கினால் வயர் நுழையும் இடத்தில் சீல் விட்டு, மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். வயரில் குழிக்குள் எந்த ஜாயின்ட்டும் கூடாது. வயர் வெளியே வரும் குழாயின் வாயைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். வாயு அதன் வழியாகச் சுவிட்ச் போர்டுக்குப் போய்த் தாமிரத் தொடுமுனைகளைக் கறுப்பாக்கிவிடும். "ரெண்டு வருசத்துல மூணு ஸ்டார்ட்டர் மாத்தியாச்சு" என்கிற வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள்.

மூடிக்கு மூன்று அங்குல கான்கிரீட் போட்டால் எழுபது கிலோ வரும். அதைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும், அதனாலேயே யாரும் திறக்க மாட்டார்கள். பூட்டு வைத்த ஃபைபர் மூடி போடுங்கள், ரப்பர் விளிம்போடு. குழிக்கு 75 மி.மீ. காற்றுக்குழாய், கூரைக்கு மேல் வரை, உச்சியில் கொசுவலை.

கோபி, பவானிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வீடு இருந்தால் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பொதுவாக ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நிலத்தடி மட்டம் ஏறும். உறைகளின் இணைப்பு வழியாக ஊற்று வந்து, பம்ப் ராப்பகலாக ஓடும். மின் கட்டணம்தான் முதலில் சொல்லிக்கொடுக்கும். அங்கே உறை வேண்டாம், ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக் தொட்டி வையுங்கள். ஆனால் 500 லிட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் அதை 500 கிலோ விசையோடு மேலே தள்ளும், மிதந்து குழாயை முறிக்கும். அடியிலும் கழுத்தைச் சுற்றியும் 0.36 கன மீட்டர் கான்கிரீட்டாவது போட்டுக் கட்ட வேண்டும். மேலே மூடும் மண்ணின் எடை அதற்குத் துணை.

நகரத்தில் பாதாளச் சாக்கடைக்குப் போகும் குழாயை ரோட்டு மட்டத்துக்கு மேல் ஒருமுறை ஏற்றி வளைத்து இறக்குங்கள். மழையில் சாக்கடை நிறைந்தால் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வராது. வீட்டுச் சேம்பரில் சேரும் இடத்தில் 45 டிகிரியில் 'Y' வடிவக் குழாய் இணைப்பு வைத்து, ஓட்டத்தின் திசையிலேயே விடுங்கள்.

மின்சாரமும் சத்தமும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் சாயங்காலம்தான் வரும். குழியும் செப்டிக் டேங்கும் அதைத் தாங்கும், மெசரேட்டர் தாங்காது. மெசரேட்டர் வைத்தால் அதை வீட்டு இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும். மோட்டார் 400 முதல் 600 வாட், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும், எலக்ட்ரீசியனை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பம்ப்பாக இருந்தாலும் அதற்கெனத் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்), சரியான எர்த். எச்சரிக்கை மணி வேறு சர்க்யூட்டில் இருக்கட்டும். பம்ப் ட்ரிப் ஆனால் மணியும் சேர்ந்து செத்துப்போனால் பிரயோசனமில்லை. மணி படுக்கையறையில். சுவிட்ச் பெட்டி வெளிச்சுவரில் நெஞ்சு உயரத்தில், 'ஆட்டோ', 'மேனுவல்' என்று பெரிய எழுத்தில். தோட்டத்தில் ஸ்டார்ட்டர் தட்டிப் பழகிய அப்பாருவுக்கு (தாத்தாவுக்கு) இந்தச் சுவிட்சைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேனுவலில் ஓடினால் கோளாறு மிதவையில், ஓடாவிட்டால் பம்ப்பில் அல்லது கரண்டில். போனிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

சத்தமும் சொல்லும். யாரும் போகாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடுகிறது என்றால் ரிட்டர்ன் வால்வு மூடாமல் தண்ணீர் திரும்புகிறது, அல்லது ப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது. டேங்கில் கொஞ்சம் மஞ்சள் கரைத்துவிட்டுக் கோப்பையைப் பாருங்கள், ஒழுகினால் நிறம் தெரியும். ம்ம் என்று முனகி, சுற்றாமல் நின்றால் கெபாசிட்டர் போயிருக்கும் அல்லது ஏதோ சிக்கியிருக்கும். உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காயில் கருகும். நிற்காமல் ஓடினால் குழாய் அடைப்பு, மிதவை எங்கோ மாட்டிக்கொண்டது, குழியில் ஊற்று, மூன்றில் ஒன்று.

எந்த வீட்டுக்கு எது

மட்டம் பார்த்துப் பி ட்ராப்பில் சரிவு கிடைத்தால் பேச்சே இல்லை, அதுதான். கிடைக்காவிட்டால், பொடக்காளியில் ஆறேழு அடி இடமும் லாரிக்கு வழியும் உறிஞ்சும் மண்ணும் இருக்கும் கிராமத்து வீட்டுக்குச் சின்ன செப்டிக் டேங்க். நகரத்தில் தாழ்ந்த வீட்டுக்கு உறைக் குழி. சுக்கான் பாறையைக் கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டும், அல்லது மாடியறை, அல்லது ஆப்பரேஷன் முடிந்து ஆறு மாதத்துக்கு மட்டும் தேவை என்றால் மெசரேட்டர். அதுவும் பொடக்காளியிலிருக்கும் பழைய கழிப்பறையை இடிக்காமல். இடிக்க வேண்டாம் என்பது எல்லா வழிக்கும் பொருந்தும். பம்ப் நிற்கும் நாளுக்கு வீட்டில் இருக்கும் ஒரே மாற்று அதுதான்.

கூலியை முழுவதும் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. குழியில் பம்ப் ஓடத் தொடங்கும் 40 செ.மீ. மட்டம் வரை நல்ல தண்ணீர் ஊற்றி, பம்ப் தானாக ஓடி, கிட்டத்தட்ட அரை நிமிடத்தில் நின்று, பத்து நிமிடம் மறுபடி ஓடாமல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, கழிவு போகும் முன்பே, பால் வால்வை மூடி, யூனியனைக் கழற்றி, கயிற்றைப் பிடித்துப் பம்ப்பை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் முடியாவிட்டால் யூனியன் தவறான இடத்தில் இருக்கிறது, அன்றே மாற்றச் சொல்லுங்கள். பம்ப்பின் மாடல், கெபாசிட்டரின் மைக்ரோ ஃபாரட், வால்வு அளவு, மாட்டிய தேதி, எலக்ட்ரீசியன் எண் எல்லாவற்றையும் சுவிட்ச் பெட்டியின் உள்கதவில் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பை எடுத்துப் பார்க்கும்போதும், ரீவைண்டிங் கடைக்குக் கொடுக்கும்போதும், ஹோஸில் பீச்சி, பிளீச்சிங் தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். கழுவாத பம்ப்பைக் கடைக்காரர் தொட மாட்டார்.